புகையா, ஆவியா?

மலைமேல் வெள்ளையாக ஏதோ எழுகிறது. புகையா, ஆவியா, பனியா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அந்த ஐயம் தீராமலே ஒருவன், "அங்கே தீ எரிகிறது" என்று துணிந்து சொல்லிவிடுகிறான். தீ உண்மையிலேயே எரிந்துகொண்டும் இருக்கலாம். ஆனாலும் அவன் அறிந்து சொல்லவில்லை என்கிறது மணிமேகலை. காஞ்சியில் அறவண அடிகள் அளவை நூலை விளக்கும் இருபத்தொன்பதாம் காதையில், இந்தத் தவறு 'ஏதுப்போலி'களுள் ஒன்றாக வருகிறது. ஒன்றை நிறுவ எடுத்துக்காட்டும் அடையாளம் ஏது. அடையாளம்போலத் தோன்றி ஏமாற்றுவது ஏதுப்போலி.

துறவு பூணும் தறுவாயில் ஒரு காப்பியத் தலைவி தர்க்கம் கேட்கிறாள் என்பது இன்று படிப்பவருக்கு வியப்பாக இருக்கலாம். மணிமேகலையை இயற்றிய சாத்தனாருக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. துன்பத்தின் காரணத்தைத் தேடிப் போகிறவளுக்கு, காரணம் எது, காரணம்போல் தோன்றுவது எது என்று பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி உறுதியாகப் பேச யாருக்கு உரிமை, எந்த நிபந்தனையில்? சமயமும் மெய்யியலும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இந்தக் கேள்வி இப்போது ஒரு குவளைத் தண்ணீருக்குள் வந்து நிற்கிறது.

ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றின் அயனிகள் உடலைக் கெடுக்கும் அளவுக்குக் கரைந்திருந்தாலும் நீரின் நிறம் மாறாது. வாடை வராது. நாக்கும் காட்டிக்கொடுக்காது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராமையும், காட்மியம் 0.003 மில்லிகிராமையும், பாதரசம் 0.001 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது. பாதரசத்தின் கணக்கை வேறு விதமாகச் சொன்னால், பத்து லட்சம் லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம். தெளிந்திருந்தால் நல்ல தண்ணீர் என்று ஊருணிக் கரையில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த கணிப்பு இங்கே உதவாது. மணிமேகலையில் அறியும் வழிகளை, அதாவது அளவைகளை, அடுக்கிச் சொல்லும் அளவைவாதி முதலில் வைக்கும் காண்டல் (நேரே பார்த்தறிதல்) கைவிட்ட இடம் இது. அடுத்ததாக அவன் சொல்லும் கருதல்தான் (அடையாளம் கொண்டு ஊகித்தறிதல்) இனித் துணை.

அந்தக் கருதலுக்கு ஏதுவாக வேதியியலாளர்கள் செய்து வைத்திருப்பதுதான் ஒளிர் உணரி. அது கருவி அல்ல, வெறும் மூலக்கூறு. ஒரு முனையில் ஒளி உமிழும் பகுதி. மறுமுனையில் குறிப்பிட்ட அயனியைப் பிடித்துக்கொள்ளும் பகுதி. இரண்டுக்கும் நடுவே சிறு இணைப்பு. புற ஊதாக் கதிர் பட்டதும் ஒளிரும் பகுதி கிளர்ச்சி அடைகிறது. அது ஒளியாக வெளியிட வேண்டிய ஆற்றலை, பிடிக்கும் பகுதியிலிருந்து தாவிவரும் ஓர் எலக்ட்ரான் பாழாக்கிவிடுகிறது. அதனால் குப்பி இருண்டே கிடக்கும். அயனி வந்து பொருந்தியதும் அந்த எலக்ட்ரான் கட்டுண்டு போகிறது. உடனே ஒளி எழுகிறது.

இந்த மூன்று உறுப்பு அமைப்பை ஒரு பொது முறையாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ. பி. டி சில்வா. 1993இல் அவருடைய குழு 'நேச்சர்' இதழில் ஒரு மூலக்கூறை அறிமுகம் செய்தது. ஹைட்ரஜன் அயனியும் சோடியம் அயனியும் சேர்ந்து இருந்தால் மட்டுமே அது நன்றாக ஒளிர்ந்தது. ஒன்று மட்டும் இருந்தால் மங்கியே இருந்தது. 'இதுவும் அதுவும் இருந்தால்தான்' என்ற தர்க்க விதியை ஒரு மூலக்கூறு தன் உடம்பாலேயே செய்து காட்டியது என்று சொல்லலாம்.

பாதரசத்துக்கு ரோடமின் வழி இன்னும் நேரடியானது. ரோடமின் சாயத்தின் ஒரு வளையம் மூடியிருக்கும்போது அதற்கு நிறமும் இல்லை, ஒளியும் இல்லை. வளையம் திறந்தால் இளஞ்சிவப்பு நிறமும் ஆரஞ்சு ஒளியும் வரும். 1997இல் அமெரிக்க வேதியியலாளர் ஆன்டனி சார்னிக்கும் உடன் பணியாற்றியவர்களும் செப்பு அயனியைக் கொண்டு அந்த வளையத்தைத் திறந்து காட்டினார்கள். 2005இல் தென்கொரிய ஆய்வாளர்கள் அதே சாயத்தில் கந்தகத்தை வைத்துக் கட்டினார்கள். பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் இருக்கும் நாட்டம், ரசமும் கந்தகமும் சேர்த்து அரைத்த சித்த வைத்தியர்களுக்குப் பழகிய செய்தி. நீரில் பாதரச அயனி இருந்தால் அது கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும், வளையம் திறக்கும், குப்பி ஒளிரும். பிடுங்கிய கந்தகம் திரும்பி வராது என்பதால் அந்த மூலக்கூறு ஒரு முறைதான் சாட்சி சொல்லும்.

இங்கேதான் அறவண அடிகளின் பாடம் தேவைப்படுகிறது. குப்பி ஒளிர்கிறது என்பது காண்டல். பாதரசம் இருக்கிறது என்பது கருதல். இரண்டும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வேதியியல் செய்முறைப் பதிவேட்டில் 'காண்பன', 'அறிவன' என்று தனித்தனிக் கட்டங்கள் போட்டுத்தான் மாணவர்கள் எழுதுகிறார்கள். மஞ்சள் வீழ்படிவு காண்பன கட்டத்துக்குப் போகும். ஈயம் என்பது அறிவன கட்டத்துக்குப் போகும். முதல் சோதனைக்குப் பிறகு 'இருக்கலாம்' என்றும், உறுதிப்படுத்தும் சோதனைக்குப் பிறகே 'உறுதி' என்றும் எழுத வேண்டும். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்படும் இந்த வேறுபாடு, இந்திய மெய்யியலின் மிகப் பழைய கட்டுப்பாடுகளில் ஒன்று என்பதை யாரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஓர் அடையாளம் எப்போது நம்பத் தக்கது? பௌத்த அளவை நூலார் மூன்று நிபந்தனை வைத்தார்கள். முதலாவது, அடையாளம் நாம் பேசுகிற இடத்திலேயே இருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் 'பக்கம்' என்று பெயர். இரண்டாவது, நிறுவ வேண்டிய பொருள் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த இடத்தில் அந்த அடையாளத்தைப் பார்த்திருக்க வேண்டும். அது 'சபக்கம்', தீயும் புகையும் சேர்ந்திருக்கும் அடுக்களைபோல. மூன்றாவது, அந்தப் பொருள் இல்லாத இடத்தில் அடையாளமும் இருக்கக் கூடாது. அது 'விபக்கம்', புகை எழ வழியே இல்லாத ஏரிபோல. மணிமேகலை இந்தச் சொற்களையே ஆள்கிறது.

ஒளிர் உணரி ஒன்றைச் செய்து வெளியிடும் பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளில் இதே மூன்று படி இருக்கும். ஆற்று நீர், கிணற்று நீர் என்று உண்மையான மாதிரியில் சோதிப்பார்கள். அளவு தெரிந்த பாதரசக் கரைசல்களில் ஒளி எவ்வளவு ஏறுகிறது என்று வரைபடம் போடுவார்கள். பிறகு பாதரசம் இல்லாத தூய நீரிலும், செம்பு, துத்தநாகம், இரும்பு, கால்சியம் என்று வரிசையாக மற்ற அயனிகள் கரைந்த நீரிலும் குப்பி இருண்டே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது படியில்தான் பல உணரிகள் தடுமாறுகின்றன. பாதரசத்துக்கென்று கட்டிய மூலக்கூறு வெள்ளிக்கும் ஒளிரும். ஈயத்துக்கென்று கட்டியது செம்பிடம் ஏமாறும். விபக்கத்தில் தேறாத உணரி காட்டும் ஒளி, புகையா ஆவியா என்று தெரியாத அந்த வெண்மைதான்.

தேறிய அடையாளம் எப்படி இருக்கும் என்பதற்கு 1877இல் ஜெர்மனியில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். டான்யூப் ஆறு இம்மெண்டிங்கன் அருகே சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் இறங்கி மறைகிறது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி, ஆக் என்ற ஊரில் ஒரு பெரிய ஊற்று பொங்குகிறது. அதன் நீர் ரைன் ஆற்றோடு சேர்வது. இரண்டும் ஒரே நீரா என்று ஆலைக்காரர்களுக்குள் வழக்கு. அடால்ஃப் கினோப் என்ற அறிஞர் டான்யூப் மறையும் இடத்தில் 10 கிலோ ஃபுளோரசின் சாயத்தைக் கொட்டினார். ஏறத்தாழ 60 மணி நேரத்தில் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிரும் பொருள் எதுவும் அந்த ஊற்றில் இயல்பாகக் கிடையாது. அது மட்டுமல்ல, உப்பையும் எண்ணெயையும்கூட அவர் கொட்டியிருந்தார். அவையும் வந்து சேர்ந்தன. ஒன்றையொன்று சாராத மூன்று ஏதுக்கள். பூமிக்குள் ஓடிய நீரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லை.

ஒளி எழுந்தால் இவ்வளவு கேள்வி. ஒளி அணைந்தால்?

பாதரசம் போன்ற கன அணுக்கள் அருகில் வந்தாலே பல சாயங்களின் ஒளி மங்கிவிடும். கிளர்ச்சி அடைந்த மூலக்கூறின் ஆற்றலை ஒளி இல்லாத வழிகளில் கழித்துவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. அதனால் எளிதில் செய்யக்கூடிய உணரிகள் பல 'அணையும்' உணரிகள். ஒளிர்ந்துகொண்டிருக்கும் குப்பி இருண்டால் பாதரசம் உண்டு என்று பொருள் கொள்ள வேண்டும். ஒன்றின் இன்மையை அடையாளமாக வைத்து இன்னொன்றின் இருப்பைச் சொல்கிறோம். ஆனால் குப்பி இருள ஆயிரம் காரணம் இருக்கலாம். நீரில் கலங்கல் இருக்கலாம், சாயமே சிதைந்திருக்கலாம், செம்போ இரும்போ வந்திருக்கலாம். இதனால்தான் வேதியியலாளர்கள் அணையும் உணரிகளைவிட எரியும் உணரிகளைத் தேடி இவ்வளவு பாடுபட்டார்கள்.

எரியும் உணரியிலும் இன்மையின் சிக்கல் வேறு வழியில் திரும்பி வருகிறது. குப்பி ஒளிரவில்லை என்றால் பாதரசம் இல்லை என்று சொல்லலாமா? மணிமேகலையின் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் 'அபாவம்' ஒன்று, இன்மையை அறிவது. குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் இதைத் தனிப் பிரமாணமாகவே ஏற்றார்கள். நையாயிகர்கள் காட்சியில் அடக்கினார்கள். சண்டை நெடியது. ஆனால் ஒரு நிபந்தனையில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபட்டன. பொருள் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலைமை இருந்தால்தான், தெரியவில்லை என்பதை இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தரையில் குடம் இல்லை என்று பகலில் சொல்லலாம். கும்மிருட்டில் சொல்லக் கூடாது.

நீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்று ஒரு வரி வரும். படிக்கிறவர் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார். எந்த எல்லைக்குக் கீழ்? லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் பாதரசம் கூடாது என்பது விதி. பயன்படுத்திய முறைக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே கண் தெரியாது என்றால், அந்த வரி இருட்டில் குடத்தைத் தேடியவனின் வாக்குமூலம். அது பொய் அல்ல. பொய்யைவிட ஆபத்தானது, ஏனென்றால் சொல்கிறவர் நேர்மையாளராகவும் இருக்கக்கூடும்.

ஜப்பானின் குமாமோட்டோ மாநிலத்தில் மினமாட்டா விரிகுடா. அங்கே சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் பாதரசத்தை ஊக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரித்து, கழிவைக் கடலில் விட்டது. 1950களில் மீனவர் குடியிருப்புகளில் பூனைகள் வலிப்பு வந்து சுழன்று ஆடிச் செத்தன. சில கடலில் விழுந்தன. காகங்கள் பறக்கும்போதே விழுந்தன. பிறகு குழந்தைகளுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. 1956 மே 1 அன்று ஆலையின் சொந்த மருத்துவமனையிலிருந்து, அதன் தலைவர் ஹோசொகாவா ஹாஜிமேயின் வழியாக, இனம் தெரியாத நோய் என்று அரசு சுகாதார நிலையத்துக்குச் செய்தி போனது.

அந்த ஆண்டுகளில் இன்றைய ஒளிர் உணரி ஒன்று கிடைத்திருந்து, விரிகுடாவின் கடல்நீரில் ஒரு குப்பி மொண்டு சோதித்திருந்தால் என்ன காட்டியிருக்கும்? அநேகமாக ஒன்றுமே காட்டியிருக்காது. மீனவர்களைக் கொன்றது மெத்தில் பாதரசம். கடல்நீரில் அதன் அளவு மிகச் சிறிது; அது உயிர்ச் சங்கிலியில் படிப்படியாக ஏறி மீனிலும் சிப்பியிலும் சேர்ந்தது. சாதாரணப் பாதரச அயனிக்கென்று செய்த உணரி மெத்தில் பாதரசத்துக்கு அசையாமலும் போகலாம். மூன்று நிபந்தனையில் முதலாவதே அங்கே தவறியிருக்கும். கேட்க வேண்டிய இடம் நீர் அல்ல, மீன். குப்பி இருண்டிருக்கும், கடல் சுத்தம் என்று அறிக்கை வந்திருக்கும், கரையில் பிள்ளைகள் சுருண்டுகொண்டிருப்பார்கள். அறிவியலைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்பதை எந்த மூலக்கூறும் முடிவு செய்யாது என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கே அடையாளம் இல்லாமல் இல்லை. பூனைகள் இருந்தன. 1959 அக்டோபரில் ஹோசொகாவா, ஆலையின் அசிட்டால்டிஹைடுக் கழிவை உணவில் கலந்து கொடுத்துவந்த ஒரு பூனைக்கு அதே நோய் வந்ததைக் கண்டார். '400ஆம் எண் பூனை' என்று அது வரலாற்றில் நிற்கிறது. நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் 'சைக்ளேட்டர்' என்ற அமைப்பை ஆரவாரமாகத் திறந்தார்கள். சுத்திகரித்த நீர் என்று சொல்லி ஒரு குவளையை நிறுவனத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார். அசிட்டால்டிஹைடுப் பகுதியின் பாதரசக் கழிவு அந்தச் சைக்ளேட்டர் வழியாகப் போகவே இல்லை. கழிவு கடலுக்குப் போவது 1968 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஜப்பானிய அரசு ஆலைக் கழிவே காரணம் என்று அறிவித்தது.

காண்டலும் கருதலும் எட்டாத இடத்தில் மனிதர்கள் இன்னொருவரின் சொல்லை நம்புகிறார்கள். அதற்கும் இந்திய மெய்யியல் இலக்கணம் வகுத்திருக்கிறது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத் தக்கவன் யார் என்று கேட்டு, பொருளை நேரே அறிந்தவன், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன் என்று விடை தருகிறார். அதோடு நிற்காமல், இந்த இலக்கணம் ரிஷிக்கும், ஆரியனுக்கும், மிலேச்சனுக்கும் பொது என்கிறார். இவ்வளவு பழைய உரையில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பது சாதாரணமல்ல. பிறப்போ பதவியோ பட்டமோ சொல்லுக்கு எடை கூட்டாது என்று ஒரு தர்க்க நூல் பகிரங்கமாகச் சொல்கிறது. அந்த அளவுகோலில், பூனைகள் ஆடிச் சாவதைப் பார்த்துச் சொன்ன மினமாட்டா மீனவர்கள் நம்பத் தக்கவர்கள். குவளை நீரைக் குடித்தவர் அல்லர். நடந்தது நேர்மாறு. மீனவர்களின் சொல்லை வறுமையின் புலம்பலாக ஒதுக்கினார்கள். தலைவரின் குவளைக்குக் கைதட்டினார்கள்.

சமயத்தின் சொல் எங்கே நிற்கிறது? பாதரசம் இந்த நாட்டில் வெறும் உலோகமாக இருந்ததில்லை. ரசவாத நூல்கள் அதைச் சிவனின் விந்து என்றன. ரசலிங்கம் செய்து வழிபட்டவர்கள் உண்டு. நீரும் அப்படியே. கங்கையும் காவிரியும் பாவம் போக்கும் என்ற நம்பிக்கை கோடிக்கணக்கானவர்களுடையது. புனிதம் என்றால் தூய்மை என்று அந்த நம்பிக்கையிலிருந்து ஒரே தாவாகத் தாவிவிடுவது எளிது. சங்கரர் கீதைக்கு எழுதிய உரையில், நெருப்பு குளிரும், ஒளிராது என்று நூறு வேதவாக்கியங்கள் சொன்னாலும் அவை பிரமாணம் ஆகா என்று எழுதினார். பிற வழிகளால் அறிய முடியாததைச் சொல்வதுதான் ஆகமத்தின் வேலை. கையால் தொட்டு அறியக் கூடியதை மறுப்பது அதன் வேலை அல்ல. நீரில் காட்மியம் எவ்வளவு என்பது ஆகமத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் கேள்வி. அதுபோலவே, அந்த ஆறு ஒருவருக்குத் தாயா என்பது எந்தக் குப்பியின் ஒளியும் தீர்க்க முடியாத கேள்வி.

இரண்டையும் ஒரே ஆளாகச் சுமந்தவர் காசியின் வீரபத்ர மிஸ்ரா. சங்கட மோசன் கோயிலின் மகந்த் அவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியரும் அவரே. காலையில் கங்கையில் முழுகுவார். 1982இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை துளசி கட்டத்தில் ஆய்வகம் வைத்து அதே கங்கையின் கழிவுக் கிருமிகளை எண்ணிப் பதிவு செய்தது. எண்ணிக்கை பயங்கரமாக இருந்தபோதும் அவர் நீராடுவதை விடவில்லை. நீராடுவதற்காக எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லவும் இல்லை. 2013இல் அவர் காலமானார். தாயின் மடியில் அழுக்கைக் கொட்டாதே என்று பக்தர்களிடம் பேசுவதற்கு அந்த எண்கள் அவருக்குத் தேவைப்பட்டன. பக்தி என்பது எண்களைத் தள்ளிவைப்பது என்று நினைப்பவர்கள் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் படிக்கலாம்.

பாதரச விவகாரம் தமிழ்நாட்டுக்குத் தூரத்துக் கதை அல்ல. கொடைக்கானலில் வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பதினைந்து ஆண்டுகள் அந்தத் தொழிலாளர்களின் உடம்பே ஏதுவாக நின்று வாதாட வேண்டியிருந்தது.

ஒளிர் உணரியைக் காகிதத் துண்டில் ஏற்றி, சிறிய புற ஊதா விளக்கும் கைப்பேசிக் கேமராவும் கொண்டு கரையிலேயே சோதிக்கும் முறைகளைப் பல ஆய்வகங்கள் உருவாக்கி வருகின்றன. பூனைக்கும் பிள்ளைக்கும் பதிலாக ஒரு மூலக்கூறு முதல் சாட்சியாக நிற்க முடிந்தால் அது அறத்தின் பக்கம் நடந்த பெரிய முன்னேற்றம். அந்தக் காகிதம் மீனவக் குடும்பத்தின் கைக்கு வரும்போது, கூடவே நான்கு கேள்விகளும் வர வேண்டும். பாதரசம் இல்லாத நீரில் இது இருண்டே இருந்ததா? அளவு தெரிந்த நீரில் ஒளிர்ந்ததா? எந்த அளவுக்குக் கீழே இதற்குக் கண் தெரியாது? மாதிரியை நீரிலிருந்து எடுத்தார்களா, மீனிலிருந்தா? மினமாட்டாவில் சாட்சி தாமதமாகத்தான் வந்தது. புற்றுநோயோடு மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த ஹோசொகாவா, 400ஆம் எண் பூனையைப் பற்றி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னது 1970இல். அதே ஆண்டில் அவர் இறந்தார். 1973 மார்ச்சில் குமாமோட்டோ நீதிமன்றம் நோயாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.